பச்சை விளக்கு யாருக்காக எரிகிறது?

கொச்சியின் வைட்டிலா சந்திப்பில் ஒரு காலை வேளை. தேநீர் அருந்திவிட்டு, கடையின் முகப்பில் ஒட்டியிருந்த கியூ.ஆர். குறியீட்டை ஸ்கேன் செய்து பணம் செலுத்தினோம். நம் கணக்கிலிருந்து தொகை கழிந்தது. கடைக்காரரின் ஒலிப்பெட்டியோ வாய் திறக்கவில்லை. நாம் கணக்கு வைத்திருக்கும் வங்கியின் உதவி எண்ணை அழைத்தோம். சர்வர்கள் அனைத்தும் நன்றாக இயங்குவதாக விடை வந்தது. அது பொய்யன்று. ஆயினும் நாம் நாடிய சேவை நிகழவில்லை.

இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருப்பது எப்படி? கண்காணிப்பு மென்பொருள்கள் சர்வர், தரவுத்தளம், இணைய இணைப்பு, மின்வழங்கல் என ஒவ்வொன்றையும் இடைவிடாது சோதித்து, நலமெனில் பச்சையும் பழுதெனில் சிவப்பும் காட்டுகின்றன. ஆனால் எந்த வாடிக்கையாளரும் சர்வரை நாடி வங்கிக்கு வருவதில்லை; பணம் அனுப்பவும் எடுக்கவுமே வருகிறார். ஆகவே கருவிகளைத் தனித்தனியே நோக்குவது போதாது. அவை சேர்ந்து தரும் சேவையை நோக்க வேண்டும். 'கடையில் பணம் செலுத்துதல்' என்பதை உச்சியில் எழுதி, அது எவற்றைச் சார்ந்துள்ளதோ அவற்றைக் கிளைகளாக வரைந்தால் கிடைப்பது சேவை மரம்.

அம்மரத்தின் இலக்கணத்தை வைட்டிலாவே கற்பிக்கிறது. இங்கு 2011இல் பேருந்து முனையம் திறக்கப்பட்டது; 2019 செப்டம்பரில் மெட்ரோ ரயில் வந்தது; 2023 ஏப்ரலில் காக்கநாட்டுக்கு நீர்மெட்ரோப் படகு புறப்பட்டது. ஆலுவாவிலிருந்து ரயிலில் வந்து, இங்கிருந்து படகில் காக்கநாடு செல்லத் திட்டமிட்டவருக்கு ரயிலும் ஓட வேண்டும், படகும் ஓட வேண்டும். வைட்டிலாவிலிருந்தே புறப்படுபவருக்கோ படகு நின்றால் சாலைவழி உண்டு. இரண்டும் அடைபட்டாலன்றிப் பயணம் கெடாது. முன்னது 'அனைத்தும் வேண்டும்' என்னும் உறவு. பின்னது 'ஏதேனும் ஒன்று போதும்' என்னும் உறவு. மரத்தின் ஒவ்வொரு கிளைப்பிரிவிலும் இவற்றுள் எது பொருந்தும் என்று சரியாகக் குறிப்பதே இக்கலையின் சாரம்.

தேநீர்க் கடையில் நாம் செய்த பரிவர்த்தனை முதல் வகையைச் சேர்ந்தது. கைப்பேசிச் செயலி, செலுத்துபவரின் வங்கி, இடையிலுள்ள யு.பி.ஐ. அமைப்பு, பெறுபவரின் வங்கி, கடையின் ஒலிப்பெட்டி ஆகிய ஐந்தும் வேண்டும். ஒவ்வொன்றும் 99.9 விழுக்காடு நேரம் இயங்குவதாகக் கொள்வோம். 30 நாள் கொண்ட மாதத்தில் ஒவ்வொன்றும் நிற்பது சுமார் 43 நிமிடமே. ஆனால் பழுதுகள் ஒன்றையொன்று சாராமல் வெவ்வேறு வேளையில் நேருமாயின், ஐந்தையும் பெருக்கி வருவது 99.5 விழுக்காடு, அதாவது மாதத்துக்கு ஏறத்தாழ மூன்றரை மணி நேரத் தடை. ஐவரும் தத்தம் இலக்கை எட்டிவிட்டனர். வாடிக்கையாளர்தான் கடைவாசலில் நிற்கிறார்.

இரண்டாம் வகையிலும் ஏமாற்றம் உண்டு. 99 விழுக்காடே இயங்கும் இரு இணைய இணைப்புகளுள் ஒன்று போதும் என்று அமைத்தால், கணக்கில் 99.99 விழுக்காடு கிடைக்கும். இரு கம்பிகளும் ஒரே பள்ளத்தில் புதைக்கப்பட்டிருந்தால் அக்கணக்கு வீண். சாலை தோண்டும் ஒரே இயந்திரம் இரண்டையும் அறுத்துவிடும். வரைபடத்தில் இரண்டாக இருப்பது மண்ணில் ஒன்றுதான்.

ஆகவே, வங்கிகள் தம் சேவையின் நிலையை வாடிக்கையாளரின் செயலை அலகாகக் கொண்டே அளக்க வேண்டும் என்பது நம் கருத்து. தொடங்கிய பரிவர்த்தனைகளுள் எத்தனை இறுதிவரை சென்று சேர்ந்தன என்பதே முதற்கேள்வியாக வேண்டும். திட்டமிட்ட பராமரிப்பு நேரத்தைக் கணக்கிலிருந்து நீக்குவது ஒப்பந்ததாரருக்கு நியாயமாக இருக்கலாம். நள்ளிரவில் மருத்துவமனையில் பணம் கட்ட நிற்பவருக்கு அதுவும் தடையே. மாதத்தின் முதல் நாள் முற்பகலில் ஓய்வூதியர்களைத் தடுத்த ஒரு மணி நேரமும், ஞாயிறு அதிகாலையில் ஓரிருவரையே தடுத்த ஒரு மணி நேரமும் ஒரே எடை பெறலாகாது.

பிறருடைய பழுதுக்கு ஒரு வங்கி எவ்வாறு பொறுப்பேற்கும் என்று கேட்கலாம். பழியைப் பகிர்வது வேறு, நிலையை அளப்பது வேறு. 2019 செப்டம்பர் 20 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை இவ்வழியையே காட்டியுள்ளது. கணக்கில் பணம் கழிந்தும் வணிகருக்கு உறுதிச் செய்தி சேராத யு.பி.ஐ. பரிவர்த்தனையில், அடுத்த 5 நாட்களுக்குள் தொகை தானாகத் திரும்ப வேண்டும். அதற்குமேல் தாமதமானால், புகாருக்குக் காத்திராமல் நாளொன்றுக்கு ரூ.100 இழப்பீடு வழங்க வேண்டும். எந்தச் சர்வர் நின்றது என்று அவ்விதி வாடிக்கையாளரைக் கேட்பதில்லை. கண்காணிப்புத் திரையும் அவ்வாறே அமைய வேண்டும்.

அன்று அக்கடைக்காரர், "பணம் வந்துவிடும், போய் வாருங்கள்" என்று மலையாளத்தில் சொல்லி நம்மை அனுப்பிவைத்தார். மூன்றாம் நாள் தொகை நம் கணக்குக்கே திரும்பியது. அடுத்த முறை சென்றபோது கையில் கொடுத்தோம். அவர் நம்மை நம்பியதால் காரியம் நடந்தது. அந்த மூன்று நாட்களும் வங்கியின் திரையில் பச்சையே எரிந்திருக்கக் கூடும் என்பதுதான் நம் கவலை.