பூட்டுப் போட்ட அப்டேட் கம்பனியின் சூழ்ச்சியா?



"பழைய சேர்வர்களுக்கு அப்டேட் இறங்காமல் வேண்டுமென்றே செய்கிறார்கள். புதுசு வாங்க வைக்கிற விளையாட்டு. அப்டேட்டை ஓஃப் பண்ணி விடுங்க." நம் கடைத்தெருவில் இந்தப் பேச்சு நன்றாக ஓடுகிறது. முதலாளிமார் சொல்கிறார்கள், கம்பியூட்டர் திருத்த வரும் தம்பிமாரும் தலையாட்டுகிறார்கள். இது பிழையான பேச்சு மட்டுமல்ல, ஆபத்தான பேச்சு.

உண்மையில் நடப்பது என்ன? பெரிய கம்பனிகள் ஒவ்வொன்றாகத் தங்கள் சேர்வர் மென்பொருட்களைத் திறந்த வழியில் கொடுப்பதை நிறுத்தி, மறைகுறியாக்கிய வழியில் மட்டும் கொடுக்கின்றன. வங்கிகள் பாவிக்கும் தன் பெருங்கணினிகளுக்கு, பூட்டில்லாத எஃப்.டி.பி. வழியை ஐ.பி.எம். 2021இல் மூடியது. அந்த எஃப்.டி.பி. 1971இல் எழுதப்பட்டது. அதில் பாஸ்வேர்ட் கூட அப்படியே பச்சையாகத்தான் போகும். நடுவில் இருப்பவன் பார்க்கலாம், மாற்றியும் அனுப்பலாம்.

"யார் சேர் நடுவில் வந்து மாற்றப் போறான்?" என்று கேட்பவர்களுக்குப் பக்கத்து நாட்டிலேயே பதில் இருக்கிறது. இந்தியாவின் ஈஸ்கேன் வைரஸ் தடுப்பு மென்பொருள் தன் அப்டேட்களைப் பூட்டில்லாத எச்.டி.டி.பி.யில் அனுப்பிக்கொண்டிருந்தது. களவாளிகள் நடுவழியில் நல்ல பொதியை எடுத்துவிட்டுத் தங்கள் பொதியை வைத்தார்கள். பெரிய நிறுவனங்களின் வலையமைப்புகளே குறி. அவாஸ்ட் ஆய்வாளர்கள் 2024 ஏப்ரலில் இதை வெளியிட்டார்கள். காவலுக்கு வைத்த மருந்துக்குள்ளேயே நஞ்சு!

கொஞ்சம் விபரம் தெரிந்தவர்கள் வேறொன்று சொல்வார்கள்: "கோப்பில் டிஜிட்டல் கையொப்பம் இருக்கே, வழியை ஏன் பூட்ட வேணும்?" ஓ.எல். வினாத்தாள் பொதியை நினைத்துப் பாருங்கள். சீல் வைத்திருக்கிறது என்பதற்காக அதைத் திறந்த லொறியில் ஏற்றி அனுப்புகிறோமா? சீலும் வேண்டும், காவலும் வேண்டும். லினக்ஸ் சேர்வர்களில் பாவிக்கும் ஏ.பி.டி. கையொப்பத்தை நம்பி எச்.டி.டி.பி.யில் ஓடியது. 2019 ஜனவரியில் அதில் ஓர் ஓட்டை வெளிவந்தது: நடுவில் நிற்பவன் கையொப்பச் சோதனையையே ஏமாற்றித் தன் பொதியை நிறுவ முடியும் என்று.

பூட்டுப் போட்டால் எல்லாம் சரி என்றும் நான் சொல்லவில்லை. 2017 ஜூனில் உக்ரைனில் எம்.இ.டொக் என்ற கணக்கு மென்பொருளின் அப்டேட் வழியாக நொட்பெட்யா பரவியபோது, களவாளி அந்தக் கம்பனியின் சேர்வருக்குள்ளேயே இருந்தான். ஆனால் கள்ளன் கூரையாலும் வருவான் என்பதற்காக முன்கதவைத் திறந்து வைப்பார் உண்டா?

பழைய மெசின் வைத்திருப்பவரின் கஷ்டம் பொய்யல்ல. விண்டோஸ் சேர்வர் 2003க்கு இன்றைய டி.எல்.எஸ். 1.2 தெரியாது. ஆனால் அதற்கான ஆதரவை மைக்ரோசொப்ட் 2015 ஜூலையிலேயே நிறுத்திவிட்டது. கதவு பூட்டியிருக்கிறது என்று சண்டை பிடிக்கிறோம், உள்ளே நமக்கு வைத்த பொருளே இல்லை! நியாயமாகக் கேட்க வேண்டியது வேறு: போதிய முன்னறிவித்தல் தா, வேறொரு புதுக் கணினியில் இறக்கி, கையொப்பம் சரிபார்த்து, பென் டிரைவில் கொண்டுபோக வழி தா. இதைக் கேட்போம், உரத்துக் கேட்போம். பூட்டைக் கழற்று என்று கேட்காதீர்கள்.

அப்டேட்டை ஓஃப் பண்ணுவது என்ன செய்யும்? 2017 மார்ச்சில் மைக்ரோசொப்ட் திருத்தம் கொடுத்தது. அதைப் போடாதவர்களை மே மாதம் வொனாக்ரை பிடித்தது, இங்கிலாந்தின் ஆஸ்பத்திரிகள் உட்பட. நம் நாட்டிலும் 2023இல் அரசாங்க கிளவுட்டில் ரென்சம்வெயார் புகுந்து மூன்று மாதத்துக்கும் மேலான மின்னஞ்சல்கள் போயின. அங்கே ஓடிக்கொண்டிருந்தது காலாவதியான எக்ஸ்சேஞ்ச் 2013.

"நம்மட சின்னக் கடையில என்ன இருக்கு?" என்பீர்கள். கடன் கொப்பி இருக்கிறது. பாமசியில் யாருக்கு என்ன நோய் என்பது இருக்கிறது. பள்ளிவாசல் கணினியில் ஸகாத் வாங்கும் குடும்பங்களின் பெயர்ப் பட்டியல் இருக்கிறது. வறுமையை வெளியில் சொல்லாமல் மானத்தோடு வாழும் மனிதர்கள் அவர்கள். அந்தப் பட்டியல் அமானிதம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துதான் இதை நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆகவே நிர்வாகசபையினரே, முதலாளிமாரே, அடுத்த முறை அப்டேட் இறங்கவில்லை என்றால் "ஓஃப் பண்ணு" என்று சொல்லாதீர்கள். "ஏன் இறங்கவில்லை?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் சேர்வரின் சாவியைக் கொடுக்காதீர்கள்.