காய்ச்சல் விட்டது, கணக்கு மறந்தது

கோரக்பூர் பக்கத்துக் கிராமங்களில் அதற்கு 'நௌகி பீமாரி' என்று பெயர். புது வியாதி. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் 1955-லேயே வேலூர்ப் பகுதியில் அடையாளம் காணப்பட்டுவிட்டது என்பது கிழக்கு உத்தரப் பிரதேசத்து விவசாயிக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அவர் வயலுக்கு அது 1978-ல்தான் வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து அங்கே ஒரே ஒரு கணக்குதான்: எத்தனை பேர் இறந்தார்கள்? ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட 2005-ல், ஒரு கட்டிலில் இரண்டு மூன்று குழந்தைகள் கிடந்த வார்டுகளில், வேறு கணக்குக்கு யாருக்கும் நேரமில்லை.

நேரம் இப்போது இருக்கிறது. 2006-ல் தொடங்கிய தடுப்பூசி இயக்கமும், ஊருக்கு அருகிலேயே கிடைக்கத் தொடங்கிய சிகிச்சையும் சாவுகளை வெகுவாகக் குறைத்துவிட்டன. ஆனால் வீடு திரும்பியவர்கள்? இந்தக் காய்ச்சலில் மூளை பாதிக்கப்பட்டு நோய் வெளிப்படுபவர்களில் 30 சதவீதம் வரை இறக்கக்கூடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிழைப்பவர்களிலும் 20 முதல் 30 சதவீதத்தினருக்கு அறிவிலோ நடத்தையிலோ நரம்புகளிலோ ஏதாவது ஒரு கோளாறு நிரந்தரமாகத் தங்கிவிடுகிறது. செய்தித்தாளில் இவர்கள் பெயர் 'குணமடைந்தவர்கள்'.

யாருக்கு இப்படி ஆகிறது என்பது முழுக்க விதியின் விளையாட்டு அல்ல. ஆஸ்பத்திரிக்கு வந்து சேரும்போது நினைவு எவ்வளவு தப்பியிருந்தது என்பதே முதல் அறிகுறி. மயக்கம் ஆழமாக இருந்தால் பின்விளைவும் மோசம். அடுத்தது வலிப்பு. ஒருமுறை வந்து அடங்கும் வலிப்பு வேறு, மீண்டும் மீண்டும் வருவதும் நிற்காமல் நீடிப்பதும் வேறு. அந்த நேரத்தில் மூளைக்கு ஆக்சிஜன் தேவை எகிறுகிறது, வரத்தோ குறைகிறது. மண்டைக்குள் அழுத்தம் ஏறுகிறது. வைரஸ் ஏற்கனவே சேதப்படுத்திய இடத்தில் இது இரண்டாவது அடி.

வலிப்பு என்றால் கைகால் உதறும், வாயில் நுரை தள்ளும் என்று நினைப்பதும் ஆபத்து. வியட்நாமில் இந்நோயாளிகளைக் கவனித்த டாக்டர்கள் 2002-ல் வெளியிட்ட ஆய்வில், சிலருக்கு ஒரு விரலோ கண்ணோ வாயின் ஓரமோ மட்டும் லேசாகத் துடித்துக்கொண்டிருந்ததைப் பதிவு செய்தார்கள். மூளை அலைகளைப் பதிவு செய்து பார்த்தால் உள்ளே வலிப்புப் புயல். நெரிசலான வார்டில் ஒரு சுண்டுவிரலின் துடிப்பை யார் கவனிப்பது?

எனவே தாமதம் என்பது சாதாரண விஷயம் அல்ல. ஊர் வைத்தியர், தாலுகா ஆஸ்பத்திரி, மாவட்ட ஆஸ்பத்திரி என்று படியேறும் ஒவ்வொரு மணி நேரமும் வலிப்பு அடக்கப்படாத மணி நேரம். வைரஸைக் கொல்ல மருந்து இல்லாத நோயில் டாக்டரால் தடுக்க முடிவது இந்த இரண்டாவது அடியைத்தான். (மூளைக்காய்ச்சல் என்று கோரக்பூரில் சேர்க்கப்பட்ட பல குழந்தைகளுக்கு உண்மையில் ஸ்கரப் டைஃபஸ் என்று பின்னாளில் தெரியவந்தது தனிக் கதை. அது பாக்டீரியா. மலிவான ஆன்டிபயாடிக் போதும், காலத்தோடு கொடுத்தால்.)

இன்னொரு சிக்கல். டிஸ்சார்ஜ் நாளில் பார்ப்பது முழுப் படம் அல்ல. மலேசியாவின் சரவாக்கில் நோயாளிகளை வருடக்கணக்கில் பின்தொடர்ந்தபோது இரண்டு திருப்பங்கள் தெரிந்தன. மோசமான நிலையில் வீடு போன சிலர் நன்றாகத் தேறினார்கள். முழுக்கக் குணமாகிவிட்டதாக அனுப்பப்பட்ட சிலருக்குப் பிறகுதான் நடத்தைக் கோளாறுகள் தலைகாட்டின. காரணம் புரிந்துகொள்ளக்கூடியதே. படுக்கையிலிருந்து எழுந்து நடக்கும் குழந்தையைக் கண்டு ஆஸ்பத்திரி திருப்திப்படுகிறது. வாய்ப்பாடு மறந்ததையும் காரணமில்லாமல் தம்பியை அடிப்பதையும் வகுப்பறையும் வீடும்தான் கண்டுபிடிக்கின்றன. அங்கே அதற்குக் கிடைக்கும் பெயர் நோய் அல்ல, திமிர்.

சட்டமும் அதிகம் உதவுவதில்லை. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி இட ஒதுக்கீடு போன்ற முக்கியச் சலுகைகளுக்கு 40 சதவீதக் குறைபாடு வேண்டும். மடங்கிப்போன கையை அளப்பது சுலபம். மந்தமாகிப்போன ஞாபகத்தை அளக்க நிபுணர் வேண்டும், அவர் பெரும்பாலும் நகரத்தில் இருக்கிறார். 2012-ல் மத்திய அரசு 5 மாநிலங்களின் 60 மாவட்டங்களுக்கென வகுத்த மூளைக்காய்ச்சல் திட்டத்தில் (தமிழகமும் அதில் உண்டு) மறுவாழ்வு மருத்துவத் துறைகளுக்கும் இடம் ஒதுக்கப்பட்டது. ஆனால் கூலி வேலையை விட்டுவிட்டு, பஸ் பிடித்து, மாதாமாதம் பிள்ளையை மருத்துவக் கல்லூரிக்கு அழைத்துப் போவது யாரால் முடியும்?

கொரோனா இதே கேள்வியைப் பணக்கார நாடுகளிலும் கேட்க வைத்தது. பிரிட்டனில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோரைச் சோதித்து 2024-ல் வெளியான ஆய்விலும் ஞாபகம், சிந்தனைத் திறன் சோதனைகளில் அதிகம் பின்தங்கியவர்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்து மீண்டவர்களே. அங்கே அவர்களைத் தேடிப் பிடித்துச் சோதிக்கக் கம்ப்யூட்டர் இருந்தது.

மூளைக்காய்ச்சலுக்கு அதுகூட வேண்டியதில்லை. லிவர்பூல் டாக்டர்கள் உருவாக்கி மலேசியாவிலும் இந்தியாவிலும் சோதித்துப் பார்த்த ஒரு கேள்விப் பட்டியல் இருக்கிறது. பெற்றோரைக் கேட்டால் போதும்: தானே சாப்பிடுகிறானா? சட்டை போட்டுக்கொள்கிறானா? வீட்டில் தனியே விட்டுப்போக முடிகிறதா? நடத்தை மாறியிருக்கிறதா? பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகளுக்கு ஈடாகப் படிக்கிறானா? கூடவே கைகளைத் தலைமேல் வைக்கச் சொல்லி, ஒரு சின்னப் பொருளைப் பொறுக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். ஸ்கேன் வேண்டாம், நிபுணர் வேண்டாம். டிஸ்சார்ஜ் ஆன பிள்ளையின் வீட்டுக் கதவை ஆறு மாதம் கழித்து ஒருவர் தட்ட வேண்டும், அவ்வளவுதான்.