எந்த மரக்கறியில் எடுத்த எண்ணெய்?

பத்தாம் வகுப்பில் பொதுப்பெயர், சிறப்புப்பெயர் என்னும் பாகுபாட்டைக் கற்பித்துக்கொண்டிருந்தேன். உதாரணம் கேட்டபோது மாணவன் ஒருவன், இடைவேளையில் தின்று முடித்த மிக்ஸர்ப் பையொன்றை மேசைக்கடியிலிருந்து எடுத்து, அதன் பின்புறத்தில் எறும்பளவு எழுத்தில் இருந்த சொற்களை வாசித்தான். “மரக்கறி எண்ணெய். இது பொதுப்பெயரோ, சிறப்புப்பெயரோ, சேர்?” பின்வாங்கிலிலிருந்து ஒரு குரல் எழுந்தது: “கத்தரிக்காயிலை எடுத்ததோ, வெண்டிக்காயிலை எடுத்ததோ எண்டு கேளடா!” வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். அப்போது இன்னொருவன் எழுந்தான். அவன் தந்தை பனை ஏறும் தொழிலாளி. “எங்கடை கடையிலை வாங்கின விசுக்கோத்துப் பையிலை பனை எண்ணெய் எண்டு போட்டிருக்கு, சேர். பனையிலை எண்ணெய் வாறதை அப்பா ஒருநாளும் காணேல்லையாம்.” இம்முறை நான் சிரிக்கவில்லை.

அம்மாணவர் இருவரும் கேட்டவை இலக்கணக் கேள்விகள் அல்ல. பொய்யைக் கண்டுபிடித்துவிட்ட மனிதரின் கேள்விகள் அவை. அவற்றுக்கு விடை கூறவேண்டியவர் தமிழாசிரியர் அல்லர். எனினும் கூறவேண்டியவர்கள் வாய் திறவாதபோது ஆசிரியன் பேசாதிருத்தல் குற்றமாகும்.

மரக்கறியில் எண்ணெய் இல்லை. ஆங்கிலச் சொல்லை அகராதியில் பார்த்துப் பெயர்த்தவரின் அறியாமை அது என்று விட்டுவிடலாம். பனை எண்ணெயின் கதையும் அத்தகையதே. ஆங்கிலத்தில் பனைக் குடும்பத்து மரங்கள் யாவற்றுக்கும் ஒரே பெயர். எண்ணெய் தருவதோ ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட வேறொரு மரம். இந்நாட்டுத் தோட்டத் தொழிலாளர் அதற்கு முள்ளுத்தேங்காய் என்று தெளிவான பெயர் இட்டுள்ளனர். 1960களின் இறுதியில் காலி மாவட்டத்து நாகியாதெனியாவில் நடப்பட்ட அம்மரத்தின் குலைகளை வெட்டிச் சுமந்தவர்களுக்கு அதன் பெயர் தெரிந்தது. அதன் எண்ணெயைப் பையிலிட்டு விற்பவர்களுக்கு மட்டும் தெரியாமற் போயிற்று!

அறியாமை மட்டுமே காரணமாயின் இவ்வளவு எழுதவேண்டியதில்லை. பெயரை மறைப்பதில் இலாபம் இருக்கிறது. உலகின் முள்ளுத்தேங்காய் எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்துமே வருகிறது. ஒரே பரப்பு நிலத்தில் தென்னையைக் காட்டிலும் பன்மடங்கு எண்ணெய் தருவதால் அது மலிவு. சந்தையில் இன்று எது மலிவோ அதனை வாங்கி ஊற்றவும், நாளை வேறொன்று மலிந்தால் பையை மாற்றாமலே எண்ணெயை மாற்றவும், உற்பத்தியாளனுக்கு ஒரு பொதுப்பெயர் வேண்டும். “தாவர எண்ணெய்” என்னும் பெயர் அந்த வசதியைச் செய்து கொடுக்கிறது. சரக்கு மாறும், பெயர் மாறாது. உண்பவன் மட்டும் எதையும் அறியான்.

சர்வதேச உணவு நியமங்களை வகுக்கும் கோடெக்ஸ் அமைப்பின் பொதுச் சுட்டுத்துண்டு நியமமே சுத்திகரித்த எண்ணெய்க்கு இப்பொதுப்பெயரை அனுமதிக்கிறது. ஆயினும் ஐரோப்பிய ஒன்றியம், எந்தத் தாவரத்து எண்ணெய் என்பதைப் பெயர் சொல்லி எழுதவேண்டும் என்று 2014 டிசம்பர் 13 முதல் கட்டாயமாக்கியது. அங்கே எழுத முடிந்தது இங்கே எழுத முடியாததா? இலண்டனில் வாங்குபவனுக்கு உரிய உண்மை கிளிநொச்சியில் வாங்குபவளுக்கு உரியதன்றா?

மறைப்பு ஒருபுறமிருக்க, உண்மையைக் கொண்டே ஏமாற்றும் வித்தையும் உண்டு. “கொலஸ்ரரோல் அற்றது” என்று இதயத்தின் படத்தோடு அச்சிடுகிறார்கள். தாவர எண்ணெய் எதிலும் சொல்லத்தக்க அளவு கொலஸ்ரரோல் இருப்பதில்லை. அது விலங்குக் கொழுப்பில் உள்ள பொருள். “எங்கள் தண்ணீரில் எலும்பு இல்லை” என்று விளம்பரம் செய்வதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? குருதியில் கொலஸ்ரரோலை உயர்த்துவது பெரும்பாலும் நிறைந்த கொழுப்பு. முள்ளுத்தேங்காய் எண்ணெயில் அது ஏறத்தாழப் பாதி. அதைச் சொல்ல எந்த இதயப் படத்துக்கும் வாய் இல்லை.

இங்கே நம்மவரின் ஒரு மயக்கத்தையும் களையவேண்டும். முள்ளுத்தேங்காய் நஞ்சு, தேங்காய் அமிர்தம் என்பது இக்கட்டுரையின் வாதமன்று. தேங்காய் எண்ணெயில் நிறைந்த கொழுப்பு இன்னும் அதிகம். நூற்றுக்கு எண்பதைத் தாண்டும். சுதேசியம் என்பதற்காக விஞ்ஞானத்தை வளைக்க வேண்டாம். நமது வாதம் வேறு. இருதய நோய்க்குச் சிகிச்சை பெற்று வந்த தாயொருத்திக்கு, இன்ன கொழுப்பைக் குறையுங்கள் என்று வைத்தியர் கூறுகிறார். அவள் கடையில் நின்று பையைத் திருப்பிப் பார்க்கிறாள். அங்கே எண்ணெயின் பெயரே இல்லையாயின், வைத்தியரின் அறிவுரையால் பயன் என்ன?

பெயரை மாற்றி விற்ற எண்ணெய் என்ன செய்யும் என்பதை வரலாறு பலமுறை காட்டியுள்ளது. 1959இல் மொறொக்கோவின் மெக்னெஸ் நகரில், விமான இயந்திர எண்ணெய் கலந்த சமையல் எண்ணெயால் ஏறத்தாழ 10,000 பேர் முடங்கினர். 1981இல் ஸ்பெயினில், கைத்தொழிலுக்கென அனிலீன் சேர்த்து இறக்கிய கடுகின எண்ணெயைச் சமையலுக்குரியதென விற்றனர். 20,000 பேருக்கு மேல் நோயுற்றனர், நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். 1998இல் டெல்லியில், பிரமதண்டு விதையின் எண்ணெய் கலந்த கடுகெண்ணெய் 60க்கு மேற்பட்டோரைக் கொன்றது. ஸ்பெயினில் அந்த எண்ணெயைத் தெரு வியாபாரிகளிடம் வாங்கியவர்கள் யார்? மட்றிட்டின் புறநகரங்களில் வாழ்ந்த தொழிலாளர் குடும்பங்கள். மலிவு தேடவேண்டியவனின் வீட்டுக்கே கலப்படம் முதலில் செல்கிறது.

நம் நாட்டில் 2021 மார்ச்சில், இறக்குமதியான தேங்காய் எண்ணெயில் அஃப்லாதொக்சின் கண்டறியப்பட்டது. சரியாக உலராத கொப்பறாவில் பூஞ்சணம் விளைக்கும் அந்நஞ்சு ஈரலில் புற்றுநோயை உண்டாக்க வல்லது. அடுத்த மாதமே முள்ளுத்தேங்காய் எண்ணெய் இறக்குமதியைத் தடைசெய்வதாக அரசு முழங்கியது. முழக்கம் அடங்கிற்று, எண்ணெய் வந்தது. ஆனால், “பையின் மேல் எண்ணெயின் பெயரை எழுது” என்னும் ஒரு சதமும் செலவில்லாத கட்டளை ஏன் அத்தனை ஆரவாரத்தோடு பிறக்கவில்லை? அதற்குச் சட்ட வேரும் உண்டு. 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம், உணவின் தன்மை, சேர்மானம் முதலியவை பற்றித் தவறான எண்ணம் தரும்படி சுட்டுத்துண்டு இடுவதை ஏற்கெனவே தடைசெய்கிறது. “பனை எண்ணெய்” என்பது தவறான எண்ணம் தருவதன்றேல் வேறெது தரும்?

“பரிசோதித்து வாங்குவது நுகர்வோன் கடமை” என்பர் சிலர். தேங்காய் எண்ணெயின் அயடீன் பெறுமானம் பத்தளவில் நிற்கும். முள்ளுத்தேங்காய் எண்ணெயினதோ ஐம்பதைத் தாண்டும். கலப்படத்தை அறிய ஆய்வுகூடத்துக்கு இது நல்ல கருவி. கூலிக்காரியின் அடுப்படியில் அயடீன் ஏது? நிறமும் மணமும் கொண்டு துணிய முடியாதபடியன்றோ எண்ணெய் இன்று வெளுத்து, வாசம் நீக்கி வருகிறது?

வேறு சிலர், “வீட்டிலே எண்ணெய் காய்ச்சுங்கள்” என்று உபதேசிப்பர். தேங்காய்ப்பாலைக் காய்ச்சி எண்ணெய் இறக்குவது நம் பாட்டிமார் அறிந்த தொழிலே. ஆனால் ஒரு லீற்றருக்கு ஏறக்குறையப் பத்துத் தேங்காய் வேண்டும். 2024இன் இறுதியில் ஒரு தேங்காய் 200 ரூபாவைத் தொட்டபோது இவ்வுபதேசத்தின் விலை இரண்டாயிரம் ரூபா; விறகும் பெண்ணின் உழைப்பும் வேறு. பசித்தவனுக்கு இதனைச் சொல்வது அறிவுரையன்று, ஏளனம்.

எனினும் நம் கையிற் சில வழிகள் உண்டு. எண்ணெயை ஊற்றாத பலகாரம் வேண்டும். எள்ளை வறுத்துப் பனங்கட்டியோடு உரலில் இடித்து உருட்டினால் எள்ளுருண்டை. எண்ணெய் விதையிலேயே இருக்கிறது. இடையில் வியாபாரி இல்லை. வறுத்த கச்சானும் அவ்வாறே. அவித்த கடலையில் தேங்காய்ச் சொட்டுச் சிறிது போதும். பயறு வைத்து அவித்த கொழுக்கட்டைக்கும் மாலைநேரப் புழுக்கொடியலுக்கும் எந்தப் பையையும் திருப்பிப் பார்க்கவேண்டியதில்லை. பனை எண்ணெய் தராது, கிழங்கு தரும். அக்கிழங்கை அவித்துக் காயவைத்த புழுக்கொடியல் பனை ஏறுபவனின் பிள்ளைக்கு மிக்ஸரிலும் மேலான உணவு. பாடசாலைச் சிற்றுண்டிச்சாலையில் இவற்றை வைக்க எந்த அமைச்சரின் உத்தரவுக்காகக் காத்திருக்கிறோம்?

ஆனால் எள்ளுருண்டை சட்டத்தின் இடத்தை நிரப்பிவிடாது. உணவின் உண்மை தனிமனிதனின் அடுப்படிச் சாமர்த்தியத்துக்கு விடப்படலாகாது. அது பொது உரிமை. ஆகவே கேட்கிறோம்: பொதியுணவு ஒவ்வொன்றிலும் எண்ணெய் எந்தத் தாவரத்தினது என்பதைத் தமிழிலும் சிங்களத்திலும், முதியவரும் வாசிக்கும் எழுத்தில், பிழையற எழுதுக. மாவட்டந்தோறும் ஆய்வுகூட வசதி செய்து முடிவுகளை மக்களறிய வெளியிடுக. கூட்டுறவுச் சங்கங்கள் செக்குகளை நிறுவி, உழவனிடம் எள்ளை நேரே வாங்கி, நல்லெண்ணெயை நியாய விலைக்கு வழங்குக.

எள்ளின் நெய் என்பதே எண்ணெய். மூலப்பொருளைத் தன் பெயரிலேயே தாங்கி நின்ற சொல் அது. நம் முன்னோர் அறியாமலே இட்ட முதற் சுட்டுத்துண்டு என்றும் அதனைக் கொள்ளலாம். இலாபத்துக்காக அச்சொல்லின் உள்ளீட்டைக் கழற்றி வெறுங்கோதாக்கியிருக்கிறார்கள். ஆசிரிய நண்பர்களே, அடுத்த தமிழ்ப் பாடத்துக்கு மாணவர் ஒவ்வொருவரையும் ஒரு வெற்றுப் பையோடு வரச் சொல்லுங்கள். பெயர் மறைந்த இடங்களை அவர்களே கோடிட்டுக் காட்டட்டும். கோடிட்ட பைகளை ஒரு முறைப்பாட்டுடன் சேர்த்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் நுகர்வோர் விவகார அதிகார சபைக்கும் அவர்கள் கையாலேயே அனுப்பட்டும். பொதுப்பெயர் எது, சிறப்புப்பெயர் எது என்பதை அதன்பின் எம் மாணவர் மறவார். விற்பவரும் மறக்க இயலாது.