குழந்தையைப் பார்ப்பதற்கும் வாய்தாவா?

ஸ்ரீராம நவமியை ஒட்டி, அரியலூருக்கு அருகிலுள்ள கல்லங்குறிச்சியில் கலியுக வரதராஜப் பெருமாள் கோவில் திருவிழா தொடங்கும். சுற்றுவட்டாரத்து ஜனங்கள் குடும்பம் குடும்பமாக வந்து கூடுவார்கள். அப்பன் தோளில் ஏறித் தேர் பார்க்கும் பிள்ளைகள் எத்தனை பேர்! தாயும் தகப்பனும் பிரிந்துவிட்ட பிள்ளைக்கு அந்தத் தோள் எங்கே?

சேர்ந்து வாழ முடியாதவர்கள் பிரிவதற்கு உரிமை உண்டு. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் பிரிந்ததற்காகப் பிள்ளை ஏன் ஒருவரை இழக்க வேண்டும்?

சட்டம் இதை அனுமதிக்கவில்லை. பிரிந்து வாழும் தாய் தந்தை இருவருடனும் தொடர்பு வைத்திருக்கக் குழந்தைக்கு உரிமை உண்டு என்கிறது, 1989ம் வருஷத்து ஐ.நா. உடன்படிக்கை. 1992ல் இந்தியாவும் அதை ஏற்றது. 2020ல் யஷிதா சாகு வழக்கில் சுப்ரீம் கோர்ட்டும் இதையே வற்புறுத்தியது. பார்க்கும் உரிமை பெற்றவர்களின் சலுகை அல்ல. அது பிள்ளையின் உரிமை!

உத்தரவு கிடைக்கிறது. பிள்ளையின் முகம் பார்க்கக் கிடைக்கிறதா?

சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் கூலி வேலை செய்யும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். மாதம் இரண்டு ஞாயிறு பிள்ளையைப் பார்க்கலாம் என்று உத்தரவு. போனால் கதவு பூட்டிக் கிடக்கிறது. மறுமுறை, “பிள்ளைக்குக் காய்ச்சல்” என்கிறார்கள். மீண்டும் மனு, வக்கீல் பீஸ், வாய்தா. ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒருநாள் கூலி போகிறது. வழக்கு முடிவதற்குள் பிள்ளை அவரை அந்நியராகப் பார்க்கிறது. பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு வீட்டைவிட்டு விரட்டப்பட்ட தாயின் கதியும் இதுவே. பணமுள்ளவன் மேல்கோர்ட்டு வரை போவான். இவர்கள் எங்கே போவார்கள்?

உத்தரவை வேண்டுமென்றே மீறினால் சொத்தை ஜப்தி செய்யலாம். சிவில் சிறையிலும் வைக்கலாம். ஆனால் பிள்ளையை வளர்க்கும் தாயைச் சிறைக்கு அனுப்பினால் பிள்ளைக்கு என்ன லாபம்? அதனால்தான் கோர்ட்டுகள் தயங்குகின்றன. அந்தத் தயக்கத்தில் வருஷங்கள் ஓடிவிடுகின்றன. சிறைக்கும் சும்மா இருப்பதற்கும் நடுவே ஒரு வழி வேண்டாமா?

“ஜீவனாம்சம் கொடுக்காதவனுக்குப் பிள்ளை எதற்கு?” என்கிறார்கள் ஒரு தரப்பார். “பிள்ளையைக் காட்டாதவளுக்குப் பணம் எதற்கு?” என்கிறார்கள் மறு தரப்பார். இரண்டுமே தவறு. ஜீவனாம்சம் பிள்ளையின் சோறு. சந்திப்பு பிள்ளையின் உறவு. ஒன்றை அடகு வைத்து மற்றொன்றை மீட்க யாருக்கும் உரிமையில்லை.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறோம். குடித்துவிட்டு அடித்து உதைத்தவன் இந்த உரிமையின் பேரால் மறுபடியும் வாசலில் வந்து நிற்க இடம் தரக்கூடாது. சந்திப்பால் பிள்ளைக்குக் கேடு வரும் என்று கண்டால் மாஜிஸ்டிரேட் அதைத் தடுக்க வேண்டும் என்று 2005ம் வருஷத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 21வது பிரிவு கூறுகிறது. அந்தப் பாதுகாப்பு அப்படியே இருக்க வேண்டும்.

நாம் கோருவது என்ன?

உத்தரவை மீறியதாக வரும் மனுவுக்குச் சில வாரங்களுக்குள் முடிவு காண வேண்டும். தவறிப்போன ஒவ்வொரு ஞாயிறுக்கும் ஈடாக வேறொரு நாள் தர வேண்டும். போலீசும் கைதிகளும் நடமாடும் கோர்ட்டு வளாகத்தில் பிள்ளையை நிறுத்தாமல், விடுமுறை நாளில் ஊர் அங்கன்வாடியையோ பள்ளிக்கூடத்தையோ சந்திப்புக்குத் திறந்துவிட வேண்டும். பொறுப்புள்ள ஊழியர் ஒருவர் கூட இருக்க வேண்டும். 1987ம் வருஷத்துச் சட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பாராமல் இலவச வக்கீல் உண்டு. எளிய தகப்பனுக்கும் வருமான வரம்புக்கு உட்பட்டு அது உண்டு. இந்தச் செய்தியைச் சட்ட உதவிக் குழு கிராமந்தோறும் வந்து சொல்ல வேண்டும்.

இவற்றுக்குக் கோடி கோடியாகப் பணம் வேண்டாம். சர்க்காருக்கு மனம் வேண்டும். வழக்கு பத்து வருஷம் காத்திருக்கலாம். பிள்ளைப் பருவம் காத்திருக்காது. அடுத்த தேருக்குள் அந்தப் பிள்ளை தோளில் ஏறக்கூடிய வயதைத் தாண்டிவிடும்!