பேட்டரிக் கட்டையும் பகுத்தறிவும்

கடிகாரத்துக்கும் டார்ச்சுக்கும் போடுகிற பேட்டரிக் கட்டையைப்பற்றி ஒரு சுயமரியாதைப் பத்திரிகை எழுத வேண்டுமா என்று சிலர் கேட்கக்கூடும். கடவுளைப்பற்றியும் ஜாதியைப்பற்றியும் புரோகிதத்தைப்பற்றியும் எழுதினால் போதாதா என்பார்கள். போதாது என்பதே நமது அபிப்பிராயம். கோவில் வாசலில் அறிவைக் கழற்றி வைக்கிறவன் கடை வாசலிலும் அதைக் கழற்றித்தான் வைக்கிறான். காசு கொடுத்து ஏமாறுவதென்று ஆனபிறகு, அர்ச்சகரிடம் ஏமாந்தால் என்ன, கடைக்காரரிடம் ஏமாந்தால் என்ன?

தேவதானப்பட்டிப் பக்கத்துத் தோழர்களுக்குள் சில மாதமாக இதைப்பற்றி ஒரு வாதம் நடந்து வருகிறது. தீர்ந்ததும் எறிந்துவிடுகிற ஆல்கலைன் கட்டையே மேல் என்பது ஒரு கட்சி. சார்ஜ் ஏற்றி ஏற்றி உபயோகிக்கிற கட்டையே மேல், மற்றதெல்லாம் பணத்தைக் குப்பையில் கொட்டுவதே என்பது மற்றொரு கட்சி. இரண்டு கட்சியாரும் நமக்கு வேண்டியவர்களே. ஆனால் அவர்கள் பேச்சைக் கேட்டால், கோவில் யானைக்கு வடகலை நாமமா தென்கலை நாமமா என்று அடித்துக்கொள்ளுகிற கூட்டந்தான் நமது ஞாபகத்திற்கு வருகிறது. எந்தக் கட்டை உயர்ந்தது என்று கேட்கிறார்களே ஒழிய, எந்தச் சாமானுக்கு எந்தக் கட்டை என்று ஒருவராவது கேட்கக் காணோம்.

அவ்வூரில் மூங்கிலணைக் காமாட்சியம்மன் கோவில் இருக்கிறது. அங்கே சாத்திய கதவுக்கே பூசை. கதவைத் திறந்து பார்க்க நினைக்கிறவன் பாவி. பேட்டரிக் கட்டையும் ஒரு சாத்திய கதவுதான். அதையும் உடைத்துப் பார்க்கக் கூடாது. உள்ளே இருக்கிற காரம் கையையும் கண்ணையும் புண்ணாக்கிவிடும். ஆனால் இரண்டு கதவுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. கட்டைக்குள்ளே இருப்பது இன்னதென்று எந்தப் பள்ளிக்கூடப் பையனும் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளலாம். தெரிந்துகொண்டதற்காக எந்தச் சாமியும் அவன் கண்ணைக் குத்தாது.

உள்ளே இருப்பதுதான் என்ன? 1866-ல் லெக்லாஞ்சே என்ற பிரெஞ்சுக்காரர் துத்தநாகத்தையும் மாங்கனீசு டை ஆக்சைடையும் வைத்து ஒரு மின்கலம் செய்தார். நம் பாட்டன்மார் டார்ச்சில் போட்ட கட்டை அதன் வழிவந்ததே. 1950-களில் அமெரிக்காவில் லூயிஸ் அர்ரி என்பவர் அதே இரண்டு சரக்கோடு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரத்தைச் சேர்த்து ஆல்கலைன் கட்டையை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். இவை இரண்டிலும் துத்தநாகம் அடுப்பு விறகைப் போன்றது. எரிந்து தீர்ந்தால் சாம்பல்தான்; சாம்பலை மறுபடியும் விறகாக்க முடியாது. சார்ஜ் ஏற்றுகிற கட்டை வேறு வகை. அதில் ஒருபுறம் நிக்கல், மறுபுறம் ஹைட்ரஜனை உறிஞ்சி வைக்கிற ஓர் உலோகக் கலவை. உபயோகிக்கும்போது ஹைட்ரஜன் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகிறது. சார்ஜரில் போட்டால் திரும்பி வருகிறது. தொட்டியில் இறைத்த தண்ணீரை மறுபடியும் மேலே ஏற்றுவது போல. இவ்வளவுதான் ரகசியம்.

இது தெரியாததனால் நம் மக்கள் செய்கிற வேடிக்கைகள் கொஞ்சமல்ல. தீர்ந்த கட்டையை வெயிலில் காயவைப்பது, பல்லால் கடித்துப் போடுவது, உள்ளங்கையில் உருட்டுவது! சூரிய பகவான் சக்தி கொடுக்கிறார் என்று சொல்லுகிற பெரியவர்களும் இருக்கிறார்கள். பழைய கார்பன் கட்டை வெயிலில் கொஞ்ச நேரம் உயிர் பெற்றது மெய்தான். சூடு ஏறினால் உள்ளே மிச்சமிருக்கிற வேதிமாற்றம் சற்று வேகமாக நடக்கும். ஓய்வாகக் கிடந்தாலும் கட்டை சிறிது தேறும். புதிதாக ஒரு துளி சக்தியும் வந்து சேரவில்லை. ஆல்கலைன் கட்டையை அப்படிக் காயவைத்தால் காரம் கசிந்து சாமானையே அரித்துவிடும். எறியும் கட்டையைச் சார்ஜரில் போட்டுப் பார்க்கிறவர்களுக்கும் இதையே சொல்லுகிறோம். அது கசியும், வெடிக்கவும் கூடும்.

கம்பெனிப் பெயர் மேல் இருக்கிற பக்தியும் இந்த ரகத்தைச் சேர்ந்ததே. எவரெடி என்ற பெயரில் ஒரு காலத்தில் கட்டை விற்ற யூனியன் கார்பைடு இந்தியா கம்பெனியின் பூச்சிமருந்துத் தொழிற்சாலையில்தான் 1984 டிசம்பரில் போபாலில் விஷவாயு கசிந்து ஆயிரக்கணக்கான மக்கள் மாண்டார்கள். 1994-ல் அக்கம்பெனி கைமாறியது. கட்டையின் பெயரும் மாறவில்லை, வாங்குகிறவன் பக்தியும் மாறவில்லை. நிற்க.

கணக்குக்கு வருவோம். ஒரு பேச்சுக்கு, ஆல்கலைன் கட்டை ஒன்று 30 ரூபாய் என்றும், சார்ஜரும் சார்ஜ் ஏற்றுகிற கட்டை நான்கும் சேர்ந்து 1,200 ரூபாய் என்றும் வைத்துக்கொள்ளுவோம். உங்கள் கடையில் விலை வேறானால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். போட்ட முதல் திரும்ப 40 ஆல்கலைன் கட்டை மிச்சமாக வேண்டும். சுவர்க் கடிகாரம் வருஷத்திற்கு ஒரு கட்டை தின்னும். அதற்காக மாத்திரம் சார்ஜர் வாங்குகிறவனுக்கு 40 வருஷம் கழித்துப் பேரன் காலத்தில்தான் முதல் வரும். அதற்குள் அந்தக் கட்டை எத்தனையோ தடவை கிழடாகிச் செத்திருக்கும். கடிகாரத்துக்கும் ரிமோட்டுக்கும் ஆல்கலைன்கூட அதிகந்தான்; மலிவான கார்பன் கட்டையே போதும். அதையே, மாதம் நான்கு கட்டை தின்கிற விளையாட்டு மோட்டார், கூட்டத்தில் பேசுகிற கம்பியில்லா மைக் போன்றவற்றுக்குப் பாருங்கள். 10 மாதத்தில் முதல் வந்துவிடும். பிறகு எல்லாம் லாபம். கரண்டுச் செலவோ கைநீட்டிச் சொல்லுகிற அளவு இல்லை. ஒரு கட்டையில் அடங்குவது சுமார் இரண்டரை வாட்-மணி. சார்ஜர் பாதியை வீணடித்தாலும் ஒரு யூனிட்டில் 200 தடவை ஏற்றலாம். பெட்டியின் மேல் “1000 தடவை” என்று அச்சடித்திருப்பதை மட்டும் வேதவாக்காகக் கொள்ளாதீர்கள். அது சோதனைச்சாலைக் கணக்கு. நிரம்பியதும் தானே நிறுத்திக்கொள்ளத் தெரியாத மலிவுச் சார்ஜர் நல்ல கட்டையையும் சீக்கிரத்தில் வேகவைத்துக் கொன்றுவிடும்.

சார்ஜ் கட்டை 1.2 வோல்ட், மற்றது 1.5 வோல்ட், ஆகையால் முன்னது மட்டம் என்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆல்கலைன் 1.5-ல் தொடங்கினாலும் உபயோகிக்க உபயோகிக்க இறங்கிக்கொண்டே போகிறது. சார்ஜ் கட்டையோ 1.2-லேயே கடைசி மட்டும் நிற்கிறது. பெரும்பாலான சாமான்களுக்கு இதுவே போதும். பிரஷர் பார்க்கிற மெஷின் போன்ற சில, கட்டை நிறைந்திருக்கும்போதே தீர்ந்துவிட்டதாகக் காட்டக்கூடும். அதற்குரிய புத்தகத்தில் எந்தக் கட்டை சொல்லியிருக்கிறதோ அதைப் போடுவதே புத்தி. வைத்திய விஷயத்தில் சிக்கனம் பேசக் கூடாது.

ராத்திரி மடை மாற்றப் போகிற குடியானவனுக்கு இந்த விஷயம் காசுக் கணக்கு மாத்திரம் அல்ல. ஆல்கலைன் போட்ட சாதாரண டார்ச் மெள்ள மெள்ள மங்கும். தீரப் போகிறதென்று முன்கூட்டியே சொல்லும். சார்ஜ் கட்டை போட்டது கடைசிவரை பளிச்சென்று எரிந்து, பிறகு திடீரென்று படுத்துவிடும். வரப்பில் பாம்பு கிடக்கிற இடத்தில் அது படுத்தால் என்ன ஆகும்? அன்றாடம் வயலுக்குப் போகிறவன் சார்ஜ் கட்டையே போடட்டும், ஆனால் மடியில் மாற்றுக் கட்டை இல்லாமல் போக வேண்டாம். வருஷத்தில் நாலு நாள் மாத்திரம் தேவைப்படுகிற டார்ச்சுக்கு ஆல்கலைனே சரி. பழைய மாதிரிச் சார்ஜ் கட்டை சும்மா கிடந்தாலே மாதத்திற்குச் சுமார் கால்வாசி சக்தியை இழந்துவிடும். 2005-ல் ஜப்பானில் சான்யோ கம்பெனியார் கொண்டுவந்த புது மாதிரி ஒரு வருஷம் கழித்தும் பெரும்பகுதியை வைத்திருக்கும். வாங்குகிறபோது எந்த மாதிரி என்று கேட்டு வாங்குங்கள்.

எதைப் போட்டாலும், புதிதையும் பழையதையும், ஒரு வகையையும் மற்றொரு வகையையும் ஒரே சாமானில் கலக்காதீர்கள். பலவீனமான கட்டையைப் பலமானது வாட்டி, தலைகீழாக்கிக் கசிய வைத்துவிடும். மனிதரில் கலப்பு வேண்டும் என்று பிரசாரம் செய்கிற நாமே இப்படிச் சொல்லலாமா என்று வைதீகர்கள் குதிக்க வேண்டாம். மனிதரில் உள்ளதாகச் சொல்லும் உயர்வு தாழ்வு மனுவின் கற்பனை. கட்டையில் உள்ளது மீட்டரில் தெரிகிறது.

இனி, தீர்ந்த கட்டை எங்கே போகிறது? வீட்டுக் குப்பையோடு தெருத் தொட்டிக்கு. அங்கிருந்து அதைக் கையால் பொறுக்கிப் பிரிக்கிறவன் யார்? எந்த அய்யரும் அய்யங்காரும் பிள்ளையும் முதலியும் அதைச் செய்வதை நாம் பார்த்ததில்லை. எந்த ஜாதிக்கு அந்த வேலை என்று எழுதி வைத்தார்களோ அந்த ஜாதியின் ஆணும் பெண்ணும்தான் இன்றும் அந்தக் காரத்தைக் கையில் தொடுகிறார்கள், கொளுத்துகிற குப்பையின் புகையைக் குடிக்கிறார்கள். பழைய சார்ஜ் கட்டைகளில் காட்மியம் என்ற விஷமே உண்டு. ஒரு வீட்டில் 40 கட்டைக்குப் பதில் நான்கு போதுமானால், அந்தத் தோழரின் கைக்குப் போகிற 36 குறைகிறது. லாபக் கணக்குப் போடுகிற ஆல்கலைன் கட்சியார் இதையும் ஓர் இனமாக எழுதிக்கொள்ள வேண்டும் என்கிறோம்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2001-ல் சர்க்கார் செய்த விதி வண்டி பேட்டரி போன்ற ஈய பேட்டரிகளுக்கு மாத்திரமே இருந்தது. 2022 ஆகஸ்டில் வந்த பேட்டரிக் கழிவு விதிகள் எல்லா வகைக் கட்டைக்கும் பொருந்தும். செய்து விற்கிற கம்பெனிக்காரனே திரும்ப வாங்கிச் சுத்திகரிக்கப் பொறுப்பாளி. வாங்குகிறவன் மற்றக் குப்பையோடு கலக்காமல் தனியே கொடுக்க வேண்டும். ஆனால், கொடுக்க இடம் எங்கே? தேவதானப்பட்டித் தோழர்கள் இரண்டு கட்சியாரும் சேர்ந்து, கட்டை விற்கிற ஒவ்வொரு கடையிலும் பேரூராட்சி ஆபீசிலும் ஒரு பெட்டி வைக்கும்படி எழுத்து மூலம் கேட்க வேண்டும். மூலைக்கு மூலை உண்டியல் வைக்க இடம் கிடைக்கிற நாட்டில் இதற்கு இடமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. பெட்டி வருகிறவரை பழைய கட்டைகளை ஈரமில்லாத டப்பாவில், முனைகள் ஒன்றையொன்று தொடாமல், குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைத்திருங்கள்.