பத்து ஆண்டுகளில் 31 சென்டிமீட்டர்

ஜப்பானின் ஒசாகா நகரில் 2007-இல் நடந்த உலகத் தடகள சாம்பியன்ஷிப்பில் செக் குடியரசின் பார்போரா ஷ்போட்டாகோவா 67.07 மீட்டர் தூரம் ஈட்டி எறிந்து தங்கம் வென்றார். அப்போது அவருக்கு வயது 26. அதே பட்டத்தை 2017-இல் லண்டனில் மீண்டும் கைப்பற்றியபோது அவர் எறிந்த தூரம் 66.76 மீட்டர், வயது 36. நடுவே பத்து ஆண்டுகளும் ஒரு பிரசவமும் கடந்திருந்தன. இரண்டு தங்கங்களுக்கும் உள்ள இடைவெளி 31 சென்டிமீட்டர்தான். ஷ்போட்டாகோவா என்றதும் எல்லோரும் சொல்வது அவருடைய உலக சாதனையைத்தான். எனக்கு இந்த 31 சென்டிமீட்டர்தான் பெரிதாகப் படுகிறது. ஒரு வீராங்கனை கருவுற்றதுமே அவருடைய விளையாட்டு வாழ்க்கைக்குக் கணக்கு முடிக்கும் பழக்கம் உலகெங்கும் இருக்கிறது. அந்தப் பழக்கத்துக்கு எதிரான வலுவான சாட்சியம் இது. காயம்பட்டவருக்காகக் காத்திருப்பதுபோல் பிள்ளை பெற்றவருக்காகவும் விளையாட்டு அமைப்புகள் காத்திருக்க வேண்டும். அதை யாருடைய பெருந்தன்மைக்கும் விடாமல் விதியாகவே எழுத வேண்டும் என்பது என் வாதம்.

ஷ்போட்டாகோவா இளம் வயதிலேயே சிகரம் தொட்டவர் அல்லர். 1981-இல் பிறந்த அவர், ஏழு போட்டிகளை உள்ளடக்கிய ஹெப்டத்லான் வீராங்கனையாக வளர்ந்து, பிறகே ஈட்டியை மட்டும் கையில் எடுத்தார். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் இறுதிச்சுற்றுக்குக்கூட வரவில்லை. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில், கடைசிச் சுற்று வரை ரஷ்யாவின் மரியா அபகூமோவா 70.78 மீட்டருடன் முன்னிலையில் இருந்தார். ஷ்போட்டாகோவாவின் ஆறாவது, அதாவது கடைசி எறிதல் 71.42 மீட்டரில் போய் விழுந்தது. அன்று ஆகஸ்ட் 21; சோவியத் படைகள் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் புகுந்து சரியாக நாற்பது ஆண்டுகள் நிறைந்த நாள். செக் மக்களுக்கு அந்தத் தங்கம் எவ்வளவு கனமாக இருந்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அடுத்த மாதமே ஸ்டுட்கார்ட்டில் 72.28 மீட்டர் எறிந்து கியூபாவின் ஓஸ்லெய்டிஸ் மெனென்டஸின் உலக சாதனையை முறியடித்தார். 2011-இல் தேகு நகரில் அவருக்குக் கிடைத்தது வெள்ளி. முதலிடம் பெற்ற அபகூமோவா ஊக்கமருந்து விவகாரத்தில் தகுதியிழந்ததால் அது பின்னாளில் தங்கமானது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 69.55 மீட்டருடன் மீண்டும் தங்கம். இந்த இடத்தில் அவர் ஓய்வு அறிவித்திருந்தால் யாரும் வியந்திருக்க மாட்டார்கள்.

2013 மே மாதம் முதல் மகன் பிறந்தான். பதினைந்து மாதங்களுக்குப் பிறகு சூரிக்கில் ஐரோப்பிய சாம்பியன் ஆனார். இரண்டு ஒலிம்பிக் தங்கம் வென்றவருக்கு அதுவரை கைகூடாதிருந்த பட்டம் அது. தாயான பிறகே கிடைத்தது. 2016 ரியோவில் வெண்கலம்; வெள்ளிக்கும் அவருக்கும் இடையே 12 சென்டிமீட்டர். அடுத்த ஆண்டு, ஐந்தாண்டுகளுக்கு முன் ஒலிம்பிக் தங்கம் வென்ற அதே லண்டன் மைதானத்தில் உலகப் பட்டம். 2018-இல் இரண்டாவது மகன். 2022-இல், 41 வயதில், மியூனிக் ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பில் 60.68 மீட்டர் எறிந்து வெண்கலம் பெற்றார். அதன் பிறகே விடைபெற்றார்.

ஈட்டி எறிதல் நுட்பத்தை நம்பிய விளையாட்டு, வயதானாலும் அனுபவம் கைகொடுக்கும், ஆகவே இதை வைத்து மற்ற விளையாட்டுகளைப் பற்றிப் பேச முடியாது என்று ஒரு மறுப்பு எழும். பாதி உண்மை. ஆண்களில் 98.48 மீட்டர் உலக சாதனைக்குச் சொந்தக்காரரும், ஷ்போட்டாகோவாவுக்கும் பின்னாளில் நம் நீரஜ் சோப்ராவுக்கும் பயிற்சியளித்தவருமான யான் ஜெலெஸ்னி நாற்பது வயது வரை களத்தில் நின்றவர். ஆனால் ஈட்டி எறிதலில் உடல் படும் பாட்டையும் பார்க்க வேண்டும். ஓடிவரும் வேகத்தை முன்காலை ஊன்றி ஒரே கணத்தில் நிறுத்த வேண்டும். அந்த வேகம் இடுப்பில் ஏறி, வயிற்றுத் தசைகள் வழியாக முறுக்கிக்கொண்டு தோளுக்கும், கடைசியாக 600 கிராம் ஈட்டிக்கும் போகிறது. கர்ப்பமும் பிரசவமும் தளர்த்திவிடுவது இதே இடுப்பையும் வயிற்றையும்தான். ஆக, தாயான உடலுக்குச் சலுகை தரும் விளையாட்டு அல்ல இது. நுட்பத்தை விட்டு வேகத்துக்கு வந்தாலும் கதை மாறுவதில்லை. ஜமைக்காவின் ஷெல்லி-ஆன் ஃப்ரேசர்-பிரைஸ் 2017-இல் குழந்தை பெற்று, 2019-இல் தோஹாவில் 100 மீட்டரை 10.71 விநாடிகளில் ஓடி உலக சாம்பியன் ஆனார். கென்யாவின் ஃபெய்த் கிபியெகன் 2018-இல் தாயானார். 1500 மீட்டரில் உலக சாதனை படைத்தது 2023-இல்.

இவர்கள் எல்லோரும் அபூர்வப் பிறவிகள், விதிவிலக்குகளைக் கொண்டு விதி எழுதலாமா என்று அடுத்து கேட்பார்கள். இதுதான் நின்று பதில் சொல்ல வேண்டிய கேள்வி. திரும்பி வந்தவர்கள் மட்டுமே நம் கண்ணில் படுகிறார்கள். திரும்ப முடியாமல் போனவர்களைத் தடுத்தது உடலா, பணமா என்று யாரும் கணக்கெடுப்பதில்லை. அப்போதே ஆறு ஒலிம்பிக் தங்கம் வென்றிருந்த அமெரிக்க ஓட்ட வீராங்கனை அலிசன் ஃபீலிக்ஸ், தாயாக முடிவெடுத்த காலத்தில் புதுப்பிக்கப்படவிருந்த ஒப்பந்தத்துக்கு நைக்கி நிறுவனம் 70 சதவீதம் குறைவான தொகையைத்தான் முன்வைத்தது என்று 2019-இல் வெளிப்படையாக எழுதினார். பிரசவத்தை ஒட்டிய மாதங்களில் ஓட்டம் மந்தமானால் அதற்காகத் தண்டிக்கக் கூடாது என்ற உறுதியை அவர் கேட்டும் கிடைக்கவில்லை. எதிர்ப்பு வலுத்த பிறகு அந்த நிறுவனம் தன் கொள்கையை மாற்றிக்கொண்டது. ஆறு தங்கம் வென்றவருக்கே இந்த நிலை என்றால், தேசிய அளவில் நான்காவது, ஐந்தாவது இடத்தில் இருக்கும் ஒரு பெண் எந்த நம்பிக்கையில் பிள்ளை பெற்றுக்கொண்டு மைதானத்துக்குத் திரும்புவார்? ஷ்போட்டாகோவா செக் ராணுவத்தின் விளையாட்டு அமைப்பான டுக்லா பிராகின் வீராங்கனை. ஒவ்வொரு போட்டியின் பரிசுப் பணத்தையும் விளம்பரதாரரின் மனநிலையையும் மட்டுமே நம்பியிருக்கும் வீராங்கனைக்கு இல்லாத பிடிமானம், அரசுப் பணத்தில் இயங்கும் இத்தகைய அமைப்பில் உண்டு. அவருடைய திறமை அபூர்வம்தான், மறுக்கவில்லை. ஆனால் அபூர்வத் திறமை உள்ளவருக்கு மட்டுமே திரும்பிவரும் வாய்ப்பு என்றால், அது பெண் உடலின் குறை அல்ல, ஏற்பாட்டின் குறை.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். தாயான பிறகு ஷ்போட்டாகோவா 70 மீட்டரைத் தாண்டவே இல்லை. டோக்கியோ ஒலிம்பிக்கில் இறுதிச்சுற்றுக்குத் தகுதி பெறவும் இல்லை. இதைக் காட்டி, முன்பிருந்த ஆற்றல் போய்விட்டதே என்பார்கள். ஆனால் பிரசவத்துக்கு முந்தைய லண்டன் ஒலிம்பிக்கிலேயே அவருடைய தங்கம் 70 மீட்டருக்கு உள்ளேதான் இருந்தது. 27 வயதில் எறிந்த தூரத்தை 36 வயதில் எறிய முடியாமல் போவதற்குக் குழந்தையைக் காரணம் காட்டுபவர்கள், அதே வயதில் தூரம் குறையும் ஆண்களிடம் எதைக் காரணம் காட்டுவார்கள்? மேலும் ஈட்டி வீராங்கனை தன் பழைய சாதனையோடு மோதுவதில்லை. அன்றைக்கு எதிரே நிற்பவர்களோடு மோதுகிறார். 2017 லண்டன் இறுதிச்சுற்றில் வேறு எவரும் அந்த 66.76 மீட்டரைத் தாண்டி எறிந்து பட்டத்தைத் தட்டிப் பறிக்கவில்லை.

விதி எழுதுவது நடைமுறைக்கு ஒவ்வாது என்றும் சொல்ல முடியாது. ஃபிஃபா 2021 முதல் கால்பந்து வீராங்கனைகளுக்குக் குறைந்தது 14 வாரப் பேறுகால விடுப்பை, மூன்றில் இரண்டு பங்குச் சம்பளத்துடன், கட்டாயமாக்கியது. விடுப்பு முடிந்து வருபவரை மீண்டும் அணியில் சேர்த்துக்கொள்ளும் பொறுப்பையும் கிளப்புகள் மீது சுமத்தியது. தனிநபர் விளையாட்டான தடகளத்தில் கிளப் ஒப்பந்தத்தின் இடத்தில் அரசு உதவித்தொகையும் பயிற்சி முகாமும் விளம்பர ஒப்பந்தமும் இருக்கின்றன. கருவுற்ற நாளிலிருந்து பிரசவத்துக்குப் பின் ஒன்றரை ஆண்டு வரை இவை எதையும் குறைக்கக் கூடாது, அந்தக் காலத்துத் தரவரிசைச் சரிவைத் தேர்வுக்கான அளவுகோலாக்கக் கூடாது என்று எழுத எந்தச் சம்மேளனத்துக்கும் ஒரு பக்கம் போதும். முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் போன வீரருக்காக ஓராண்டு காத்திருக்கும் அமைப்புகளுக்கு இது பழக்கமில்லாத கணக்கும் அல்ல.

அப்படியானால் இளையவர்களின் இடத்தை மூத்தவர்கள் அடைத்துக்கொள்வார்களே என்ற கவலை மிஞ்சுகிறது. பயிற்சிக்கும் உதவித்தொகைக்குமான பணம் எல்லையுள்ளதுதான். ஒருவருக்கு ஒதுக்கினால் இன்னொருவருக்குக் குறையலாம். அதை ஈடுகட்டும் வழி, தாய்மார்களுக்கென்று தனி நிதி ஒதுக்குவது. ஓர் ஆண்டில் ஒரு நாட்டின் முன்னணித் தடகள வீராங்கனைகளில் பிள்ளை பெறுபவர்கள் ஒரு சிலராகத்தான் இருப்பார்கள். களத்தைப் பொறுத்தவரை இந்தக் கவலைக்கு இடமே இல்லை. 2022 மியூனிக்கில் தங்கம் வென்ற கிரீஸின் எலினா ட்சென்கோவுக்கு வயது 19; வெள்ளி வென்ற செர்பியாவின் அத்ரியானா விலகோஷுக்கு 18. ட்சென்கோ 65.81 மீட்டரும் விலகோஷ் 62.01 மீட்டரும் எறிந்து, இரண்டு பிள்ளைகளின் தாயான உலக சாதனையாளரை முந்தியே அந்த இடங்களைப் பெற்றார்கள்.