கிளிக் பண்ணினாலே காசு… ஆனாலும் ரோல் கேமராவை ஏன் மறுபடியும் தேடுறாங்க? ஊட்டியில் மூடின ஆலைக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

கோடாக் கம்பெனியை இழுத்து மூடப் போறாங்களா? 2025 ஆகஸ்ட்டில் இந்தக் கேள்வி உலகம் முழுக்கச் சுற்றியது. கடனை அடைக்க உறுதியான நிதி கையில் இல்லை, அதனால் நிறுவனம் தொடர்ந்து நடக்குமா என்பதில் பெரிய சந்தேகம் இருக்கிறது என்று கோடாக்கே தன் காலாண்டு அறிக்கையில் எழுதியிருந்ததுதான் காரணம். அடுத்த சில நாளிலேயே, மூடும் எண்ணம் எல்லாம் இல்லை, பென்ஷன் நிதியில் மிஞ்சும் பணத்தை வைத்து கடனைக் குறைப்போம் என்று விளக்கம் வந்தது.

இதில் வேடிக்கை என்னன்னா, அதே கோடாக் 2024 நவம்பரில் அமெரிக்காவின் ரோசெஸ்டரில் இருக்கும் தன் பிலிம் ஆலையை தற்காலிகமாக நிறுத்தியது. நஷ்டத்துக்காக இல்லை. ரோல் கேட்டு ஆர்டர் கூடியதால், எந்திரங்களை மேம்படுத்துவதற்காக!

அது மட்டுமில்லை. லைகா நிறுவனம் எப்போதோ நிறுத்திய எம்6 பிலிம் கேமராவை 2022ல் மறுபடி கொண்டு வந்தது. ரிக்கோ நிறுவனம் 2024 ஜூனில் பென்டாக்ஸ் 17 என்ற புத்தம் புது ரோல் கேமராவை அறிமுகம் செய்தது. 36 படம் எடுக்கும் ரோலில் பாதிப் பாதி சைஸாக 72 படம் எடுக்கலாம். ரோல் விலை ஏறிப்போன காலத்துக்கு ஏற்ற யோசனைதான்.

கையில் இருக்கும் போனிலேயே நாளைக்கு ஆயிரம் படம் எடுக்கலாம் எனும்போது, இது எதுக்குங்க?

பீரோவில் தூங்கும் கேமரா எது?

திண்டுக்கல், பழனி, ஒட்டன்சத்திரம் பக்கம் 90ஸ் கிட்ஸ் வீட்டுப் பீரோவைக் குடைந்தால், பெரும்பாலும் சிக்குவது யாஷிகா எம்எஃப்-2 அல்லது கோடாக் கேபி-10. கையோடு ஒட்டிய பிளாஷ், போகஸ் திருப்பும் வேலை கிடையாது. வெளியூரில் இருந்து வந்த மாமா கழுத்தில் தொங்கும், கொடைக்கானல் ஏரிக்கரையில் குடும்பத்தையே வரிசையாக நிறுத்தும். அந்தக் கேமராக்களை யாரும் கொண்டாடியது கிடையாது. ஆனால் நம்ம அம்மா அப்பாவின் பாதி ஆல்பம் அதில் எடுத்ததுதான்.

அதற்கும் ஒரு தலைமுறை முன்னாடி என்றால் ஆக்பா கிளிக் 3. ஜெர்மன் வடிவமைப்பு, குஜராத்தின் பரோடாவில் நியூ இந்தியா இண்டஸ்ட்ரீஸ் தயாரித்தது. 120 ரோல் போடணும், 12 படம் வரும். செட்டிங் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. வெயிலா, மேகமா என்று மட்டும் தள்ளி வைக்கணும், அவ்வளவுதான். எழுதப் படிக்கத் தெரியாதவர்கூட ஓட்டக்கூடிய கேமரா.

இன்னைக்கு பிலிமுக்குத் திரும்பி வரும் போட்டோகிராபர்கள் தேடுவது இவற்றை அல்ல. அவர்கள் பட்டியலில் திரும்பத் திரும்ப வரும் பெயர்கள் வேறு.

ரெண்டு கண் யாஷிகா

முதலில் ஸ்டூடியோக்காரர்களின் செல்லம், யாஷிகா மேட் 124ஜி. 1970ல் வந்தது, 1986 வரை தயாரானது. முன்னால் மேலும் கீழுமாக ரெண்டு லென்ஸ் இருக்கும். மேல் லென்ஸ் பார்ப்பதற்கு, கீழ் லென்ஸ் படம் பிடிப்பதற்கு. வயிற்றுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, மேலே இருக்கும் கண்ணாடியைக் குனிந்து பார்க்கணும். தெரியும் காட்சி இடம் வலமாக மாறித் தெரியும். ஆள் இடது பக்கம் சாய்ந்தால் கண்ணாடியில் வலது பக்கம் போவார். கை பழக நாளாகும்.

இதை ஏன் விரும்புகிறார்கள்? போனையோ டிஎஸ்எல்ஆரையோ தூக்கினால் படம் எடுப்பவர் முகம் மறைந்துபோகும். எதிரில் இருப்பவருக்கு ஒரு கறுப்புப் பெட்டிதான் தெரியும். யாஷிகா மேட்டில் போட்டோகிராபர் குனிந்து நிற்கிறார், முகம் திறந்திருக்கிறது, பேச்சுக் கொடுத்துக்கொண்டே சட்டென்று கிளிக் பண்ண முடிகிறது. பழனி அடிவாரத்தில் மொட்டை போட்டு சந்தனம் தடவிய குழந்தையை அழ விடாமல் படம் எடுக்க இதைவிட நல்ல வடிவமைப்பு எது? 120 ரோலின் நெகட்டிவ் 6 சென்டிமீட்டர் சதுரம். அதனால் சுவரில் மாட்டும் அளவுக்குப் பெரிசாக்கினாலும் படம் உடையாது.

பேட்டரி செத்தாலும் ஓடும்

அடுத்து, நிக்கான் எஃப்எம்2. 1982ல் வந்து 2001 வரை விற்றது. இதிலும், 1976ல் வந்து 1997 வரை தயாரான பென்டாக்ஸ் கே1000லும் ஒரே குணம்: ஷட்டர் முழுக்க முழுக்க ஸ்பிரிங்கும் பல்சக்கரமும்தான். உள்ளே போடும் பட்டன் பேட்டரி வெளிச்சம் அளக்கும் மீட்டருக்கு மட்டும். பேட்டரி தீர்ந்தாலும் கேமரா பாட்டுக்கு ஓடும். எஃப்எம்2 நொடியில் 4000ல் ஒரு பங்கு வேகம் வரை போகும். கரண்ட் இல்லாமல் இந்த வேகம்!

திண்டுக்கல்காரங்களுக்கு இதைப் புரியவைக்க ரொம்ப மெனக்கெட வேண்டாம். 2019ல் புவிசார் குறியீடு வாங்கிய நம்ம ஊர் மாங்காய்ப் பூட்டு இருக்கே, அதே சங்கதி. உள்ளே நெம்புகோலும் ஸ்பிரிங்கும், கையால் ராவி பொருத்திய பாகங்களும். எதாவது மக்கர் பண்ணினால் திறந்து பார்த்து சரிசெய்ய முடியும், ரிப்பேர் தெரிந்த கை இருந்தால். பூட்டுத் தொழிலிலும் கேமரா ரிப்பேரிலும் இன்னைக்கு அந்தக் கைதான் குறைந்துகொண்டே போகிறது. பழைய கேமரா வாங்குகிறவர்கள் உண்மையில் கவலைப்பட வேண்டிய விஷயம் இதுதான், ரோல் விலைகூட அப்புறம்.

லைகா பற்றி ஒரு வரி சொல்லியாகணும். விலை நமக்கு எட்டாது, கதை மட்டும் நம்ம மாநிலத்துக்கதை. பிரெஞ்சு போட்டோகிராபர் ஹென்ரி கார்தியே பிரெஸ்ஸோன் 1950 ஏப்ரலில், ரமண மகரிஷியின் கடைசி நாட்களில், திருவண்ணாமலை ஆசிரமத்தில் இருந்தார். அவர் கையில் லைகா. உள்ளே மேலும் கீழும் அடிக்கும் கண்ணாடி அதில் இல்லை, அதனால் சத்தம் ரொம்பக் குறைவு. சாவு வீட்டு அமைதியில் எந்தக் கேமராவைத் தூக்க முடியும் என்று யோசித்துப் பாருங்கள்.

மதிய வெயிலும் வெள்ளை வேட்டியும்

பிலிம் படத்தில் ஒரு தனி அழகு இருக்குன்னு சொல்வாங்க. அது வெறும் ஏக்கமா? இல்லை. அதில் ஒரு பகுதிக்கு ரசாயனக் காரணம் உண்டு.

கலர் நெகட்டிவ் ரோல் வெளிச்சம் கூடினால் தாங்கும். தேவையைவிட ரெண்டு மடங்கு, நாலு மடங்கு வெளிச்சம் விழுந்தாலும் விவரம் சட்டென்று அழியாது. டிஜிட்டல் சென்சார் அப்படி இல்லை. ஒரு அளவைத் தாண்டினால் அந்த இடம் வெறும் வெள்ளை. நிலக்கோட்டை பூ மார்க்கெட்டில் மதியம் 12 மணிக்கு, மல்லிகைப் பூ கூடையோடு நிற்கும் வெள்ளை வேட்டிக்காரரை எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். முகத்துக்கு வெளிச்சம் வைத்தால் டிஜிட்டலில் வேட்டியும் பூவும் வெளுத்துவிடும். பிலிமில் வேட்டி மடிப்பும் இருக்கும், முகமும் இருக்கும். போன் இதைச் சமாளிக்க என்ன செய்கிறது தெரியுமா? ஒரே நேரத்தில் பல படம் எடுத்து, சாஃப்ட்வேரால் ஒன்றாகத் தைக்கிறது. அதனால்தான் சில போன் படங்களில் நிழலே இல்லாத மாதிரி ஒரு சப்பைத்தனம்.

நம்ம சமவெளி வெயிலுக்கு மீட்டர்கூடத் தேவையில்லை. பழைய ஆட்கள் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள்: சுள்ளென்று வெயில் அடிச்சா அப்பர்ச்சரை 16ல் வை, ஷட்டரை ரோலின் ஐஎஸ்ஓ எண்ணுக்குப் பக்கத்தில் வை. 200 ரோல் என்றால் 250ல் ஒரு பங்கு நொடி. வருஷத்தில் முக்கால்வாசி நாள் இந்த ஊருக்கு இது போதும்.

ஆனால் பிலிமைத் தலையில் தூக்கிவைத்து ஆடவும் வேண்டாம். கலர் பிலிமும் பிரிண்டும் சரியாக வருகிறதா என்று பார்க்க கோடாக் பல ஆண்டுகள் அனுப்பிய மாதிரி அட்டையில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். 'ஷெர்லி கார்டு' என்று பெயர். நிறம் அந்தத் தோலுக்கு ஏற்ற மாதிரி சரிசெய்யப்பட்டது. கறுப்புத் தோல் சரியாக வராததைப் பற்றி அல்ல, மரச் சாமான் கம்பெனிகளும் சாக்லேட் கம்பெனிகளும் தங்கள் பொருளின் பழுப்பு நிறம் சரியாக வரவில்லை என்று புகார் சொன்ன பிறகே கோடாக் அசைந்தது என்கிறது கனடா ஆய்வாளர் லோர்னா ராத்தின் ஆய்வு. நம்ம தாத்தா பாட்டி கல்யாண கலர் போட்டோவில் முகம் மட்டும் இருண்டு கிடந்தால், அதற்கு ஸ்டூடியோக்காரர் மட்டுமே பொறுப்பு இல்லை.

ஊட்டியில் என்ன நடந்தது?

இப்போ காசு கணக்கு. ஒரு கலர் ரோல் ஆயிரம் ரூபாய் அளவில் விற்கிறது. கழுவி, ஸ்கேன் செய்யும் செலவையும் சேர்த்தால் ஒவ்வொரு கிளிக்குக்கும் முப்பது, நாற்பது ரூபாய்க்கு மேல் ஆகும். ஒரு பிளேட் பிரியாணி காசில் அஞ்சாறு படம். கேமராவுக்குப் போடும் ரோல் எல்லாம் அமெரிக்கா, இங்கிலாந்து, செக் நாடு என்று வெளியில் இருந்துதான் வருகிறது. டாலர் ஏறினால் ரோல் ஏறும். பிலிமில் ஒளியை வாங்குவது வெள்ளி உப்பு, அதனால் வெள்ளி விலை ஏறினாலும் ஏறும்.

ஆனால் ஒரு காலத்தில் ரோல் நம்ம மாநிலத்திலேயே தயாரானது. ஊட்டியில் மத்திய அரசின் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனம் 1960ல் பதிவானது. பிரான்சின் போஷே நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு 1967ல் உற்பத்தி தொடங்கியது. 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ரோல், பிரிண்ட் போடும் பேப்பர், ஆஸ்பத்திரி எக்ஸ்ரே பிலிம் எல்லாம் அங்கிருந்து வந்தன. ஆலை இருந்த பகுதியின் பெயரே இந்து நகர்.

ஏன் ஊட்டி? பிலிம் மேல் பூசும் கலவை, ஜெலட்டினில் கலந்த வெள்ளி உப்பு. ஜெலட்டின் மாட்டு எலும்பிலும் தோலிலும் இருந்து எடுப்பது (தோல் தொழிற்சாலைகள் உள்ள திண்டுக்கல்லுக்குப் பழக்கமான சரக்குதான்). தூசி பட்டால் கெடும், சூடு பட்டால் கெடும். குளிரும், சுத்தமான காற்றும், நல்ல தண்ணீரும் வேணும். சமவெளியில் இதன் கஷ்டம் ஸ்டூடியோக்காரர்களுக்கு நல்லாவே தெரியும். கறுப்பு வெள்ளை ரோல் கழுவும் மருந்து 20 டிகிரியில் இருக்கணும் என்பது பொதுக் கணக்கு. ஏப்ரல், மே மாதத்தில் திண்டுக்கல் குழாய்த் தண்ணி எங்கே 20 டிகிரியில் வரும்? ஐஸ் கட்டிதான் கதி. போர் தண்ணியின் உப்பு காய்ந்தால் நெகட்டிவில் திட்டுத் திட்டாகப் படியும் என்பது தனிக் கவலை.

ஆலை விழுந்ததற்கு டிஜிட்டல்தான் காரணம் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். தேதியைப் பார்த்தால் அது முழுசாகப் பொருந்தவில்லை. நலிந்த தொழிற்சாலை என்று அது அறிவிக்கப்பட்டது 1996ல். அப்போது நம்ம ஊரில் டிஜிட்டல் கேமராவை யாரும் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. பெரிய கடன் வாங்கிப் போட்ட எக்ஸ்ரே பிலிம் திட்டமும், அதன் வட்டியும், தாராளமயத்துக்குப் பிறகு வந்து குவிந்த வெளிநாட்டு பிலிமும்தான் முதலில் முதுகெலும்பை உடைத்தன. டிஜிட்டல் வந்தபோது அது ஏற்கெனவே படுக்கையில் கிடந்தது. 2014ல் ஊழியர்களுக்கான விருப்ப ஓய்வுத் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தர, கதை முடிந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அதை நம்பி இருந்தன. இன்னைக்கு 2கே கிட்ஸ் ஒரு ரோலுக்கு கொடுக்கும் ஆயிரம் ரூபாயில் இந்தக் கதையும் கலந்திருக்கிறது.

கேமராவைவிட அவசரம் வேறொன்று

கேமரா மேல் வந்திருக்கும் மோகம் நல்லதுதான். ஆனால் அதைவிட வேகமாக அழிவது பழைய நெகட்டிவ்கள். ஒரு ஊரின் ஐம்பது வருஷக் கல்யாணம், காதுகுத்து, பள்ளிக்கூட குரூப் போட்டோ, தேர்தல் கூட்டம் எல்லாம் ஸ்டூடியோ பரணில் டப்பா டப்பாவாகக் கிடக்கிறது. கடை கைமாறும்போது குப்பைக்குப் போகும். அதில் இருக்கும் வெள்ளியைப் பிரித்தெடுக்க எடைக்குப் போவதும் உண்டு. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இருந்து, பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியோடு, தமிழ்நாட்டின் பழைய ஸ்டூடியோ படங்களைத் தேடி டிஜிட்டல் ஆக்கும் வேலை நடந்திருக்கிறது. அவர்கள் போய்ச் சேர்வதற்குள் காலியான ஸ்டூடியோக்கள் எத்தனையோ.

வீட்டில் இருப்பதை மட்டுமாவது காப்பாற்றலாம். ஆல்பத்தின் பின்னட்டையிலோ, ஸ்டூடியோ கவரிலோ நெகட்டிவ் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். திறந்தவுடன் காடி நாற்றம் அடித்தால், பிலிமின் அடிப்பட்டை சூட்டாலும் ஈரத்தாலும் சிதையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அதை மற்றதில் இருந்து உடனே பிரித்து வையுங்கள், அந்த ஆவி பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். பிளாஸ்டிக் கவரில் இறுக்கி வைக்காமல் பேப்பர் உறைக்கு மாற்றுங்கள். கான்கிரீட் தளத்துக்கு நேர் கீழே இருக்கும் பரண் வேண்டாம், கீழ்த்தட்டு பீரோ பரவாயில்லை. பிரிண்டை போனில் போட்டோ எடுப்பதைவிட நெகட்டிவை ஸ்கேன் செய்தால் விவரம் அதிகம் கிடைக்கும்.

பழைய கேமரா கிடைத்தால், வாங்கும் முன் லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி தெரிந்தால் பூஞ்சை. கொடைக்கானல் ஈரத்தில் இருந்த கேமராவில் இது சகஜம், சமவெளியில் கொஞ்சம் குறைவு. உள்ளே ரோல் இருக்கிற மாதிரி தெரிந்தால் மூடியை மட்டும் திறந்துவிடாதீர்கள். இருபது வருஷம் முன்னாடி யாரோ எடுத்து, கழுவ மறந்த படமாக இருக்கலாம். மங்கலாக இருந்தாலும் அதில் ஏதாவது வர வாய்ப்பு உண்டு. பின்னால் சுற்றும் கைப்பிடியால் ரோலை முழுசாகச் சுற்றி எடுத்து, பழைய ரோல் என்று சொல்லியே லேபில் கொடுங்கள்.